யானைத் தடமும் இருப்புப் பாதையும்

வங்காளத்தில் உத்தியோக நிமித்தம் குடியேறியிருக்கும் நம்மவர் குடும்பங்களில் டார்ஜிலிங்கைப் பார்க்காதவர்கள் சிலரே இருப்பர். நியூ ஜல்பைகுரியில் இறங்கி, மலையேறி, கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு, காஞ்சன்ஜங்காவைக் கண்டோம் என்றோ, மேகம் மறைத்துவிட்டது என்றோ சொல்லியவாறு திரும்பிவிடுகிறோம். அந்த மலையின் காலடியைத் தொட்டுக்கொண்டு கிழக்கு நோக்கி ஓடும் மற்றோர் இருப்புப் பாதையை யாரும் நினைப்பதில்லை. சிலிகுரியிலிருந்து அலிபூர்துவார் வரை, ஏறத்தாழ 165 கிலோமீட்டர் தூரம், காட்டையும் தேயிலைத் தோட்டத்தையும் மாறி மாறிக் கடந்து செல்லும் பாதை அது. சென்ற டிசம்பர் விடுமுறையில், என் மனைவியுடனும் எட்டு வயது மகளுடனும் அவ்வழியே சென்று வந்தேன். அலிபூர்துவாரில் ரெயில்வே உத்தியோகத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் மூன்றாண்டுகளாக அழைத்துக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், வயதில் இளையவர், என்னை 'அண்ணே' என்றே விளிப்பார்.

இப்பகுதிக்குத் 'துவார்ஸ்' என்று பெயர். துவாரபாலகர் என்கிறோமே, அந்தத் துவாரந்தான் இது. பூட்டான் மலைகளிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாயில்கள் பதினெட்டு. அவற்றுள் பதினொன்று வங்காளத்திலும் ஏழு அஸ்ஸாமிலும் இருக்கின்றன. 1865-இல் பூட்டானோடு போரிட்டு ஆங்கிலேயர் இந்நிலத்தைக் கைக்கொண்டனர். 1874-இல் கஜல்டோபாவில் முதல் தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. பிறகு காடு சிறிது சிறிதாகத் தோட்டமாயிற்று. சோட்டா நாகபுரியிலிருந்து ஒராவோன், முண்டா, சந்தால் மக்கள் கூலி வேலைக்குக் கொண்டுவரப்பட்டனர். காடு போயிற்றே தவிர யானை போகவில்லை. நேபாள எல்லையிலுள்ள மேச்சி நதியிலிருந்து அஸ்ஸாம் எல்லையிலுள்ள சங்கோஷ் நதி வரைக்கும் அது கிழக்கும் மேற்குமாக இன்றும் நடந்துகொண்டே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வட வங்காளத்தில் ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான யானைகள் இருந்தன. நம் பாதையும் கிழக்கும் மேற்குமாகத்தான் ஓடுகிறது. வடக்கே மலையடிவாரக் காட்டிலிருந்து தெற்கே ஆற்றங்கரை நெல்வயலுக்கு இறங்க வேண்டுமானால் யானை தண்டவாளத்தைக் கடந்தே ஆக வேண்டும். வேறு வழி கிடையாது.

இந்தப் பாதை எப்படி உண்டாயிற்று என்பதை ரெயில்வே குமாஸ்தா என்ற முறையில் கொஞ்சம் பெருமையுடனேயே சொல்லவேண்டும். 1947-இல் தேசம் பிரிந்தபோது, அஸ்ஸாமுக்குச் செல்லும் ரெயில் பாதை கிழக்குப் பாகிஸ்தானில் அகப்பட்டுக்கொண்டது. அஸ்ஸாம் துண்டாகி நின்றது. 1948 ஜனவரியில், கர்னெயில் சிங் என்ற எஞ்சினீயரின் தலைமையில், பழைய தோட்டத்துச் சிறு பாதைகளை இணைத்தும் புதிதாகப் போட்டும் 229 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் இணைப்புப் பாதை அமைக்கத் தொடங்கினார்கள். மலேரியாக் காடு, ஆண்டில் பாதி மழை, டீஸ்டா, ஜல்டாக்கா, தோர்ஸா போன்ற பொல்லாத ஆறுகள். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் வேலை முடிந்து, நம் நாடு குடியரசான 1950 ஜனவரி 26-ஆம் நாளன்றே பிரயாணிகள் வண்டி ஓடத் தொடங்கிற்று. அன்று போட்டது மீட்டர் கேஜ் பாதை. வண்டிகள் குறைவு, வேகமும் குறைவு. யானையும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காலந்தள்ளின என்றே சொல்லலாம்.

2004-ஆம் ஆண்டு வாக்கில் இது அகலப் பாதையாயிற்று. அதன் பிறகு நடந்ததைப் பெருமையோடு எழுத முடியாது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராமன் சுகுமார், யானைகளைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றவர், நம் சென்னையில் பிறந்தவர். அவரும் அவருடன் பணியாற்றியவரும் இப்பாதையை ஆராய்ந்திருக்கிறார்கள். 1974 முதல் 2002 வரை மீட்டர் கேஜ் காலத்தில் 27 யானைகள் வண்டியில் அடிபட்டு இறந்தன. அகலப் பாதை வந்த பிறகு பன்னிரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே அறுபதுக்குக் குறையாமல் இறந்தன. பெரும்பாலும் இரவில்; பயிரைத் தேடித் தனியே துணிந்து வரும் களிறுகளே அதிகம்.

2010 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, பின்னாகுரிக்கும் பனார்ஹாட்டுக்கும் நடுவே ஒரு சரக்கு வண்டி ஏழு யானைகளைக் கொன்றது. தண்டவாளத்தில் நின்றுவிட்ட கன்றுகளைக் காப்பாற்றப் பெரியவை சூழ்ந்து நின்றன, விலகவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 2013 நவம்பர் 13-ஆம் நாள் மாலை மங்கும் வேளையில், ஜல்டாக்கா பாலத்தருகே ஒரு விரைவு வண்டி மந்தையில் புகுந்தது. அன்றும் ஏழு. சரக்குப் பகுதியில் வேலை செய்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பாரம் ஏற்றிய சரக்கு வண்டியை டிரைவர் பிரேக் பிடித்த இடத்திலேயே நிறுத்த முடியாது. அது ஓய்வதற்குள் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் ஓடிவிடும். இரவில், வளைவில், பனிமூட்டத்தில், விளக்கு வெளிச்சத்துக்குள் யானை வந்த பிறகு அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஊதலாம், அவ்வளவுதான்.

நாங்கள் போகும்போது பட்டப்பகல். ஸெவோக்கில் டீஸ்டாவைக் கடந்ததும் தேயிலை தொடங்கிவிட்டது. பாக்ராகோட், ஊத்லாபாரி, மால், சால்ஸா என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய் வந்தன. இடது பக்கத்தில் பூட்டான் மலைகள் நீலமாய்த் தொடர்ந்து வந்தன. சால்ஸாவுக்கு அப்பால் சாப்ராமாரிக் காட்டில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. அப்போதுதான் என் மனைவி, காலையில் உண்டு மிஞ்சிய எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தை ஜன்னல் வழியே எறியக் கையை நீட்டினாள். எதிரிலிருந்த வங்காளிக் கிழவர் ஒருவர், "கூடாது அம்மா, கூடாது!" என்று பதறித் தடுத்தார். வண்டியிலிருந்து எறியப்படும் சோறும் பழத்தோலும் யானைகளைத் தண்டவாளத்துக்கு இழுத்து வருகின்றனவாம். எறியக்கூடாது என்று ரெயில்வேயே உத்தரவு போட்டிருக்கிறது. ரெயில்வேக்காரன் மனைவிக்கு அதை ஒரு பிரயாணி சொல்ல வேண்டியிருந்தது! பொட்டலம் அலிபூர்துவார் வரை எங்களோடு பத்திரமாக வந்தது.

ராஜாபாத்காவா என்றொரு நிலையம் வழியில் வருகிறது. ராஜா சோறு உண்ட இடம் என்று பொருள். பூட்டானியரோடு பகை தீர்ந்து கூச் பிஹார் அரசர் அங்கே உணவருந்தினார் என்பது கதை. ஊர்ப் பெயரிலேயே சோற்றை வைத்தவர்கள் நமக்கு உறவுக்காரர்களாகத்தான் இருக்கவேண்டும்.

மறுநாள் நண்பர் தமக்குத் தெரிந்த ஒரு டிராக்மேனை அறிமுகம் செய்து வைத்தார். இரவில் கைவிளக்கோடு தண்டவாளத்தைப் பரிசோதித்துக்கொண்டு நடப்பது அவர் வேலை. ஒராவோன் வகுப்பைச் சேர்ந்தவர், ஐம்பது வயதிருக்கும். இருபுறமும் காடு, நடுவில் இரண்டு தண்டவாளம், கையில் ஒரு விளக்கு. "யானை வருவது காதுக்குத் தெரியாது பாபு, மூக்குக்குத்தான் தெரியும்" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு, காலடியில் பஞ்சு வைத்தாற்போல நடக்குமாம். வாடை அடித்தவுடன் அவர் விளக்கைத் தாழ்த்தி, சரளைக் கல்லில் சப்தம் எழாமல் நின்றுவிடுவார். அரை மணி நின்ற நாளும் உண்டு. அந்த அரை மணிக்கு மறுநாள் அதிகாரியிடம் பதில் சொன்ன நாளும் உண்டு. யானை வந்தது என்பதைக் காகிதத்தில் எப்படி நிரூபிப்பது? இதைக் கேட்டபோது எனக்குச் சிறிது வெட்கமாக இருந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் தயாரிக்கும் மேஜைகளில் ஒன்றில் உட்காருகிறவன் நான்.

அவருடைய தமக்கை குடியிருக்கும் தோட்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். வால்பாறைப் பக்கத்தில் 'லயம்' என்கிறார்களே, அதைப் போன்ற வரிசை வீடுகள். பகலில் யானைக் கூட்டம் தேயிலைக்கு நடுவேயுள்ள நிழல் மரங்களின் கீழ்ப் படுத்திருப்பதுண்டு. சிறுத்தையோ தோட்டத்து வடிகாலில் குட்டி போட்டு வளர்க்கிறது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வடிகாலைத் தாண்டுமுன் கூச்சலிட்டுத் தட்டிவிட்டுத்தான் காலை வைக்கிறார்கள். புலி இருக்குமிடத்தில் வேலை செய்யாதே என்று சொல்லலாம். வேலை அங்கேதான் இருக்கிறது.

அந்த அம்மாளின் வீட்டுச் சுவரில் ஒரு பகுதி மட்டும் புதுச் செங்கல். இரண்டு முறை அதே இடத்தில் யானை சுவரைச் சரித்து, தும்பிக்கையை உள்ளே விட்டு, அரிசியை எடுத்திருக்கிறது. அறுவடை முடிந்து வயல் காலியானதும், தானியம் வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது யானைக்குத் தெரிகிறது. அரிசியைத் தவிர உப்பும், 'ஹாடியா' என்னும் சோற்றுக் கள்ளும் அதற்குப் பிரியம். இரண்டாம் முறை வந்தபோது குழந்தைகளோடு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு, அது மென்று தின்னும் ஓசையை முழுதும் கேட்டாராம். இப்பொழுது அரிசியை மாடி வீட்டுக்காரர் ஒருவரிடம் வைத்துவிட்டு அன்றாடம் வாங்கி வந்து சமைக்கிறார்.

இதோடு போயிருந்தால் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். அவருடைய கொழுந்தனார் சந்தைக்குப் போய் இருட்டிய பின் திரும்பும்போது, வரிசை வீடுகளுக்கு நூறு கெஜத்தில் ஒற்றைக் களிற்றிடம் அகப்பட்டு இறந்திருக்கிறார். வனத்துறை நஷ்டஈடு கொடுத்தது. இந்திய தேசம் முழுவதிலும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 500 பேர் இப்படி யானையால் உயிரிழக்கிறார்கள். அவர்களுள் நம்மைப் போல் மின்விசிறியின் கீழ் அமர்ந்து யானையைப் போற்றுகிறவர்கள் அநேகமாக யாருமில்லை. யானையோடு நாம் வாழ்கிறோம் என்று பத்திரிகைகளில் படிக்கும்போதெல்லாம், அந்த 'நாம்' யார் என்று இனி நான் கேட்டுக்கொள்வேன்.

"யானை மேல் உங்களுக்குக் கோபமில்லையா?" என்று கேட்டேன். நண்பர் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் முதலில் இரு கைகளையும் கூப்பி நெற்றியில் வைத்துக்கொண்டார். அங்கே யானையை யானை என்று பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். 'மகாகால் பாபா' என்பார்கள். அது சிவபெருமானின் பெயர். பிறகு சொன்னார்: "பாபாவுக்குப் பசி. சந்தையிலிருந்து வரும் வழியில் விளக்குப் போடும்படி நாங்கள் எத்தனை தரம் மனுக் கொடுத்தோம்! கோபம் அதைப் போடாதவர்கள் மேல்தான்." அவ்வழியில் இன்னும் விளக்கு வரவில்லை. மாலை நான்கு மணிக்கே எங்களை அனுப்பிவைப்பதில் அவர் மிகவும் குறியாக இருந்தார்.

மூன்றாம் நாள் லாட்டாகுரிக்கு வாடகை வண்டியில் போனோம். கோருமாரா வனத்தை ஊடுருவும் சாலையில் மகாகால் கோயில் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் லாரிக்காரர்கள் எல்லைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதைப் போலவே, வண்டியோட்டிகள் அங்கு நிறுத்தி வணங்கிவிட்டுத்தான் காட்டைக் கடக்கிறார்கள். எங்கள் வண்டியோட்டி இறங்கி மணியடித்தார். என் மகளும் தோப்புக்கரணம் போட்டாள். வனத்துறையார் ஜல்தாபாராவில் ரோந்து செல்வதற்கு வளர்ப்பு யானைகளை வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு அங்கே 'குன்கி' என்று பெயர். நாம் 'கும்கி' என்கிறோம். மொழி மாறினும் யானைச் சொல் அதிகம் மாறவில்லை.

ரெயில்வேயும் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லாவிடில் உண்ட வீட்டுக்குத் துரோகமாகும். 2017-இல் அஸ்ஸாமில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு தொடங்கினார்கள். யானைக்குத் தேனீ என்றால் பயம். ஆகவே தேனீக் கூட்டத்தின் ரீங்காரத்தைப் பதிவு செய்து, லெவல் கிராஸிங்குகளில் ஒலிபெருக்கி வைத்து ஒலிக்கச் செய்தார்கள். அறுநூறு மீட்டருக்கு அப்பாலும் யானைக்கு அது கேட்கிறதாம். இதற்குச் செலவு ஒலிபெருக்கி ஒன்றுக்கு ஏதோ இரண்டாயிரம் ரூபாய்தான்.

அதைக் காட்டிலும் அதிசயமானது 2022 டிசம்பரில் இந்தப் பாதையில், சால்ஸாவுக்கும் ஹாஸிமாராவுக்கும் இடையே வந்தது. தண்டவாளத்தை ஒட்டிப் பூமிக்குள் கண்ணாடி இழைக் கம்பி ஒன்று ஓடுகிறது. நிலையத்துக்கு நிலையம் பேச்சும் செய்தியும் செல்வது அதன் வழியேதான். அக்கம்பிக்குள் ஒளியைச் செலுத்திக்கொண்டே இருந்தால், மேலே நிலம் அதிரும்போது ஒளியில் ஒரு சிறு மாறுதல் உண்டாகிறது. மனிதன் நடந்தால் ஒருவிதம், மாடு நடந்தால் ஒருவிதம், யானை நடந்தால் வேறுவிதம். யானை தண்டவாளத்தை நெருங்கினால், எந்த இடத்தில் என்பதுகூட ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் உடனே தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து டிரைவருக்கு எச்சரிக்கை போகிறது. டிராக்மேனின் மூக்கு செய்த வேலையைக் கம்பி செய்கிறது. யானையும் பூமியின் அதிர்வைத் தன் பாதத்தால் உணரக்கூடியது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இப்பொழுது ரெயில்வேயும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டிருக்கிறது! இந்த ஏற்பாட்டுக்குக் 'கஜராஜ்' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

விடுமுறைக்குக் கோயம்புத்தூர் வழியே ஊருக்குச் செல்லும் நேயர்களும் இதைக் கவனிக்கவேண்டும். 2021 நவம்பர் 26-ஆம் நாள் இரவு, மதுக்கரையை அடுத்த நவக்கரை அருகே வண்டி மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை அங்குக் கோபுரங்கள் எழுப்பி, இருட்டிலும் காணும் காமிராக்களைப் பொருத்தி, கணிப்பொறியே யானையை அடையாளங்கண்டு எச்சரிக்கும்படி செய்திருக்கிறது. அந்த இடத்தில் வண்டி மெதுவாகச் சென்றால் ஏன் என்று இனி கேட்க வேண்டாம்.

கம்பியும் காமிராவும் எதுவாயினும், கடைசியில் நடக்கவேண்டியது ஒன்றுதான்: வண்டி வேகம் குறையவேண்டும், வேண்டுமானால் நிற்கவும் வேண்டும். அது நேர அட்டவணைக்குப் பொருந்தாது. அட்டவணையில் யானைக்கென்று ஒரு கட்டம் கிடையாது. இருபது நிமிஷம் தாமதமானால் பிரயாணி ஏசுகிறார். சரக்கு வண்டி காத்து நின்றால் மேலிடம் கேட்கிறது. காட்டுக்குள் இரவில் ஓடும் சரக்கு வண்டிகளைக் குறைக்கவேண்டும் என்று வெகுநாளாகச் சொல்லி வருகிறார்கள். குறைத்தால் அஸ்ஸாமுக்கு அரிசியும் எண்ணெயும் தாமதமாகும் என்பதும் உண்மையே. நான் பல ஆண்டுகளாகத் தாமதத்தைக் குற்றமாகவே எழுதிப் பழகியவன். ஆயினும் இந்தப் பாதையில் மட்டும் அதைக் குற்றப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்பது இப்போது என் அபிப்பிராயம். என் மேலதிகாரிகள் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லையாதலால் தைரியமாக எழுதுகிறேன்.

திரும்பும்போது அலிபூர்துவாரிலிருந்து பிற்பகல் வண்டியில் ஏறினோம். நண்பரின் மனைவி தயிர்ச்சாதம் கட்டிக் கொடுத்து, "இலையை வெளியே எறிந்துவிடாதீர்கள் அக்கா" என்று சிரித்தாள். பழைய பொட்டலத்தின் கதை அவளுக்குத் தெரிந்துவிட்டது. டிசம்பரில் அங்கு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஹாஸிமாரா, மாதாரிஹாட், பின்னாகுரி, பனார்ஹாட் எல்லாம் கடந்தன. நாக்ராகாட்டாவை விட்டுச் சிறிது தூரம் வந்ததும் வண்டி வேகம் குறைந்து, ஒரு நீண்ட ஊதலோடு நின்றது. ஜல்டாக்கா பாலம் இன்னும் வரவில்லை.

பெட்டியில் முணுமுணுப்பு எழுந்தது. நியூ ஜல்பைகுரியில் வேறு வண்டி பிடிக்கவேண்டிய ஒருவர் எழுந்து வாயிலுக்குப் போய்வந்தார். "இந்த லைனில் எப்போதும் இதே கதை" என்றார் மற்றொருவர். நான் பழக்கத்தினால் கைக்கடிகாரத்தைப் பார்த்து எந்த நிமிஷத்தில் நின்றது என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு வெளியே தேயிலையின் இருளும் அதற்கு மேலே சிறிது வெளுப்பும். முன்னால் எஞ்சின் ஒரு முறை ஊதிற்று, பிறகு ஊதவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்த என் மகள் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, குட்டியும் போகிறது!" என்றாள்.

நான் குனிந்து பார்ப்பதற்குள் அங்கே இருட்டுத்தான் இருந்தது. எத்தனை என்று கேட்டேன். பெரியவை எண்ண முடியவில்லை, குட்டி ஒன்று, கடைசியில் அதைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போயிற்று என்றாள். அவள் கண்டது உண்மைதானா என்று எதிரிலிருந்தவர் ஐயப்பட்டார். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

வண்டி மெல்ல நகர்ந்து பாலத்தைக் கடந்தது. சால்ஸாவை அடைந்தபோது 22 நிமிஷம் தாமதம்.